ஹார்பின்: தண்டவாளத்துக்கு உள்ளேயும் வெளியேயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரைப் பற்றி அண்மையில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பனிச்சிற்பத் திருவிழாவையும் செயின்ட் சோஃபியா தேவாலயத்தின் பச்சை நிறக் குவிமாடத்தையும் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருக்கிறார். அதற்கு என் பாராட்டு. ஆனால் அந்நகரை "ரஷ்யர்கள் கட்டிய நகரம்" என்றும், "பல இனத்தாரும் வேற்றுமை பாராமல் வாழ்ந்த ஊர்" என்றும் அவர் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. என் தந்தையார் தண்டவாளத்தில் கூலி வேலை பார்த்தவர். நானும் முப்பத்தொரு ஆண்டுகள் ரயில் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு ரயில் பாதை ஊரை உண்டாக்கும்போது யாரை எந்தப் பக்கம் குடிவைக்கிறது என்பதைக் கவனிப்பது எங்களுக்கு வீட்டுப் பழக்கம். 2019 ஜூன் மாதம் ஹார்பினில் ஒன்பது நாள் தங்கியபோதும் அதைத்தான் கவனித்தேன்.

முதலில் அந்த ஊர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சைபீரியா வழியாக விளாடிவாஸ்டாக் துறைமுகத்துக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த ரஷ்யப் பேரரசு, ஆமூர் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போவதைவிடச் சீனாவின் மஞ்சூரியாவைக் குறுக்கே கடந்தால் பல நூறு கிலோமீட்டர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டது. ஜப்பானிடம் போரில் தோற்றுத் தளர்ந்திருந்த சீன அரசிடம் 1896 ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்து அந்த உரிமையைப் பெற்றது. மேற்கே மன்சூலியிலிருந்து கிழக்கே சுயிஃபென்ஹே வரை ஒரு பாதை. அதன் நடுவிலிருந்து தெற்கே கடலைத் தொட இன்னொரு பாதை. மூன்று திசைகளும் சந்திக்கும் இடம், சொங்ஹுவா ஆறு குறுக்கிடும் இடம், ஆமூரிலிருந்து தண்டவாளமும் மரமும் நீராவிப் படகில் வந்து இறங்கக்கூடிய இடம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த சதுப்பு நிலக் கரையில் 1898 இல் பொறியாளர்கள் வந்து இறங்கினர். கைவிடப்பட்டிருந்த ஒரு சாராய வடிப்பாலையே அவர்களுடைய முதல் அலுவலகம். 1903 ஜூலையில் பாதை முழுவதும் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது, அந்த வடிப்பாலையைச் சுற்றியிருந்த ஊர் ஒரு நகரமாகியிருந்தது.

திட்டம் ரஷ்யர்களுடையது, வரைபடம் அவர்களுடையது, அதிகாரமும் அவர்களுடையது. ஆனால் மண்ணை வெட்டிக் கரை போட்டவர்களும், ஸ்லீப்பர் கட்டை சுமந்தவர்களும், குளிரில் விரல் மரத்துப்போக ஆணி அடித்தவர்களும் பெரும்பாலும் ஷாண்டோங் மாநிலத்திலிருந்தும் அதன் அண்டைப் பகுதிகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த சீனக் கூலிகள். பல்லாயிரம் பேரான இவர்கள் எழுப்பிய ஊரைத் திட்டம் போட்டவரின் பெயரால் மட்டும் அழைப்பது, அணை கட்டிய கல்தச்சரை மறந்துவிட்டுக் கல்வெட்டில் பெயர் பொறித்த துரையை மட்டும் நினைப்பது போன்றது.

அந்த நகரின் பழைய பகுதிகளுக்கு வழங்கும் பெயர்களையாவது கட்டுரையாளர் விளக்கியிருக்கலாம் என்பது என் முக்கியமான மனக்குறை. தேவாலயமும் பெரிய கடைவீதியும் உள்ள பகுதியின் பெயர் டாவ்லி. அதற்குக் கிழக்கே உள்ள சீனர் குடியிருப்பின் பெயர் டாவ்வாய். "டாவ்" என்பது இங்கே ரயில் பாதை. "லி" என்றால் உள்ளே, "வாய்" என்றால் வெளியே. ஆக, ஒன்று பாதைக்கு உள்ளே இருக்கும் ஊர், மற்றொன்று பாதைக்கு வெளியே இருக்கும் ஊர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்நகரத்து மக்கள் முகவரி எழுதும்போதெல்லாம், தாங்கள் தண்டவாளத்தின் எந்தப் பக்கத்தவர் என்பதையும் சேர்த்தே எழுதி வருகிறார்கள். எந்தக் கல்வெட்டைவிடவும் இந்த இரண்டு சொற்கள் நகரின் வரலாற்றைத் தெளிவாகச் சொல்கின்றன.

பாதைக்கு உள்ளே ரயில்வே நிர்வாகமே அரசாங்கம். அதற்குத் தனிக் காவல்துறை இருந்தது, தனி நீதிமன்றம் இருந்தது, புழக்கத்தில் இருந்த பணம் ரூபிள். 1900 இல் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துச் சீனர்கள் எழுந்த பாக்ஸர் கிளர்ச்சி மூண்டு பாதை தாக்கப்பட்டபோது ஹார்பினும் முற்றுகைக்கு உள்ளாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், வெளியே இருந்தவர்கள் அந்த ஆட்சியை எவ்வளவு "வேற்றுமை பாராமல்" ஏற்றுக்கொண்டார்கள் என்பது விளங்கும். 1920 இல்தான் சீன அரசு அந்த நிர்வாக உரிமைகளைத் திரும்பப் பெற்றது.

உள்ளே பல இனத்தாரும் வாழ்ந்தார்கள் என்பது மெய்தான். அதற்கும் ரயில்வேதான் காரணம். ரஷ்யப் பேரரசுக்குள் யூதர்கள் எங்கு குடியிருக்கலாம், எங்கு கூடாது என்று கடுமையான சட்டங்கள் இருந்தன. ஆனால் ஆளில்லாத மஞ்சூரியச் சமவெளியில் வணிகமும் குடியேற்றமும் பெருக வேண்டுமென்று விரும்பிய நிர்வாகம் அங்கே அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. போலந்துக்காரர்கள் பொறியாளர்களாகவும் வணிகர்களாகவும் வந்தனர். இன்றும் சீனா முழுதும் விற்கும் ஹார்பின் பீரை 1900 இல் காய்ச்சத் தொடங்கியவர் ஒரு போலந்துக்காரர்தான். தாத்தாரியர், உக்ரேனியர், ஆர்மீனியர், ஜார்ஜியர், லாட்வியர், கொரியர், ஜப்பானியர் என்று பலரும் வந்து சேர்ந்தனர். 1917 புரட்சிக்குப் பிறகு ஓடிவந்த ரஷ்ய அகதிகளும் சேர்ந்துகொள்ள, ஊர் நிரம்பி வழிந்தது. ரயில்வேக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவிக்க 1920 இல் தொடங்கிய பள்ளிதான் இன்று உலகறிந்த ஹார்பின் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்திருக்கிறது.

டாவ்லியில் தோங்ஜியாங் தெரு என்று ஒன்று இருக்கிறது. அதே தெருவில் 1909 இல் எழுந்த யூதர்களின் பழைய தொழுகைக் கூடமும், சற்றுத் தள்ளித் தாத்தாரிய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் நிற்கின்றன. தொழுகைக் கூடம் இப்போது இசையரங்கு. இந்தத் தெருவைக் காட்டித்தான் எல்லா வழிகாட்டிகளும் மத நல்லிணக்கம் பேசுகிறார்கள். நானும் நெகிழ்ந்தே நின்றேன். பிறகு டாவ்வாய்க்குப் போனால், அங்கே சீன முஸ்லிம்களின் வேறொரு பள்ளிவாசல் இருக்கிறது. ஒரே இறைவனைத் தொழுபவர்களுக்கும் ஒரே ஊரில் தண்டவாளத்தின் இரு புறமும் இரண்டு பள்ளிகள் இருந்திருக்கின்றன. மொழி வேறு, வழக்கம் வேறு என்று காரணம் சொல்லலாம். நடுவில் கிடந்த பாதையையும் அந்தக் காரணங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த உள்-வெளிப் பிரிவு வெறும் பெயரளவில் நிற்கவில்லை, உயிரைக் குடித்தது என்பதற்கு 1910–11 குளிர்காலத்தில் பரவிய நுரையீரல் பிளேக் நோயே சாட்சி. மலேசிய வாசகர்களுக்காக நடத்தப்படும் ஒரு நாளிதழ் ஹார்பினைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால், அந்த நகரைக் காப்பாற்றியவர் நம் பினாங்கில் பிறந்தவர்.

மஞ்சூரியப் புல்வெளிகளில் மர்மோட் என்னும் மலையணில் வகை உண்டு. அதன் தோலுக்கு ஐரோப்பாவில் விலை ஏறியதும், பழக்கமில்லாத ஏழைக் கூலிகள் பலர் அதை வேட்டையாடப் புறப்பட்டனர். நோயுற்ற விலங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்ற அறிவு பழைய வேட்டைக்காரர்களுக்கு இருந்தது. புதியவர்களுக்கு அது இல்லை. மன்சூலியில் 1910 அக்டோபரில் தலைகாட்டிய நோய், ரயில் பெட்டிகளிலும் நெருக்கடியான சத்திரங்களிலும் மூச்சுக்காற்றின் வழியே பரவி, சில வாரங்களில் ஹார்பினை வந்தடைந்தது. அப்போது ஃபூஜியாதியன் என்று அழைக்கப்பட்ட டாவ்வாய்ப் பகுதியில், தாழ்ந்த கூரையின் கீழ் நெருக்கமாகப் படுத்துறங்கிய தொழிலாளர்களிடையே அது காட்டுத்தீயாய்ப் பிடித்தது.

சீன அரசு அனுப்பிய மருத்துவர் வூ லியன் தே, 1879 இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர். 1910 டிசம்பர் இறுதியில் ஹார்பின் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. பிரேதப் பரிசோதனை என்பது அந்நாட்டு வழக்கத்துக்கே ஒவ்வாத காரியம் என்பதால், நோயில் இறந்துபோன ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலை மறைவாகத்தான் சோதித்தார். எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலே இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சின் வழி தொற்றுகிறது என்று முடிவு செய்தார். பஞ்சையும் மெல்லிய துணியையும் மடித்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரும் அணிய வேண்டும் என்றார். அனுபவம் மிகுந்த பிரெஞ்சு மருத்துவர் மெனி இதை ஏளனமாக ஒதுக்கிவிட்டு, கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். அதற்குப் பிறகு ஊரே துணி தேடியது.

ரயில் பணியில் இருந்தவன் என்பதால், வூ செய்த இன்னொரு காரியம் என்னை வெகுவாகக் கவர்கிறது. நோயாளிகளோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்த ஃபூஜியாதியனில் இடமில்லை என்றபோது, ரஷ்ய ரயில்வேயிடம் பேசி 120 சரக்குப் பெட்டிகளைக் கடனாக வாங்கி, அவற்றைத் தனிமை வீடுகளாக ஆக்கினார். நோயைக் கொண்டுவந்த அதே பெட்டிகள் நோயைத் தடுத்து நிறுத்தும் அறைகளாயின. ஊரை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு நிற அடையாளப் பட்டை கொடுத்து நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார். உறைந்த மண்ணில் குழி தோண்ட முடியாததால் ஆற்றங்கரையோரம் வரிசை வரிசையாகக் கிடந்த 2,000-க்கும் மேற்பட்ட பிணங்களை எரிக்க, மூதாதையர் உடலைத் தீண்டுவதே பாவம் என்று கருதப்பட்ட அந்த நாட்டில், பேரரசரின் அனுமதியையே கேட்டுப் பெற்றார். சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், 1911 ஜனவரி 31 அன்று எரியூட்டல் தொடங்கியது. மார்ச் தொடக்கத்தில் அந்நகரில் நோய் முற்றிலும் நின்றுவிட்டது. மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 பேர் அதற்குள் மாண்டிருந்தனர்.

முகக்கவசம் இன்றி வெளியே கால் வைக்க முடியாமல் நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டுகளில் அவருடைய பெயரை எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள்? பிற்காலத்தில் அவர் ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960 இல் பினாங்கிலேயே காலமானார். அவர் பிறந்த தீவை நான் தினமும் கடலுக்கு இப்பாலிருந்து பார்க்கிறேன். ஆனால் அவருக்கு ஒரு நினைவகம் இருப்பதை ஹார்பினின் டாவ்வாயில்தான் முதலில் கண்டேன். பழைய நோய்த் தடுப்பு அலுவலகக் கட்டிடத்தில் அது இயங்குகிறது. நான் போன நாளில், பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுமி, கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்த பஞ்சுக் கவசத்தை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தாள். நான் மலேசியாவிலிருந்து வருகிறேன் என்று என் மகள் சீன மொழியில் சொன்னதும், அங்கிருந்த காவலர் என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய், சுவரில் இருந்த பினாங்கின் பழைய படத்துக்கு முன் நிறுத்தினார்.

அந்தப் பல்லின வாழ்வு எப்படிக் கலைந்தது என்பதும் ரயில்வேயின் கதையே. 1905 இல் ரஷ்யா போரில் தோற்றதும், சாங்சுன் நகருக்குத் தெற்கே உள்ள பாதை ஜப்பான் வசமாயிற்று. அதன் பிறகு அந்தப் பக்கம் 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை, இந்தப் பக்கம் ரஷ்யர்களின் 1,524 மில்லிமீட்டர் அகலப் பாதை. பயணிகள் சாங்சுனில் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. அந்த 89 மில்லிமீட்டர் இடைவெளி முப்பது ஆண்டுகள் ஹார்பினுக்கு வேலி போல இருந்தது. 1932 பிப்ரவரியில் ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தது. 1935 இல் சோவியத் அரசு தன் பங்குப் பாதையை ஜப்பானின் கைப்பாவையான மஞ்சுகோ அரசுக்கு 14 கோடி யென்னுக்கு விற்றுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், ஹார்பின் வரையிலான சுமார் 240 கிலோமீட்டர் பாதையின் அகலத்தை ஒரே நாளில் குறைத்து முடித்தார்கள். ஒரு பாதையை அகலம் மாற்றுவது எவ்வளவு பாடு என்பதை அறிந்த எனக்கு அந்த வேலைத்திறனை நினைத்தால் வியப்பும், அது யாருக்கு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை நினைத்தால் வேதனையும் ஒன்றாக எழுகின்றன. நகரின் தெற்குப் புறத்தில் பிங்ஃபாங்கில் உயிருள்ள மனிதர்கள்மேல் நோய்க்கிருமிகளைச் சோதித்த 731 ஆம் படைப்பிரிவும் அந்த ஆட்சியில்தான் வந்தது. பிளேக்கைத் துரத்திய ஊரிலேயே பிளேக்கை வளர்த்தார்கள்.

யூதர்கள் அதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிட்டனர். மாடர்ன் ஹோட்டல் உரிமையாளரின் மகன், இளம் பியானோ கலைஞர் செமியோன் காஸ்பே, 1933 இல் பணத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டது அவர்களுடைய நம்பிக்கையை உடைத்துவிட்டது. ரயில்வே விற்கப்பட்டதும் ரஷ்ய ஊழியர்கள் பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு சோவியத் நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களை வரவேற்றது 1937 இன் அரசாணை. "ஹார்பின்காரர்கள்" என்ற பெயர் இருந்ததே குற்றமாகி, ஒற்றர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுப் பெருந்தொகையானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவர்களும், சிக்னல் கம்பியைச் சீர்செய்தவர்களும், டிக்கெட் கிழித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். எஞ்சியவர்களில் பலர் 1950-களில் ஆஸ்திரேலியாவுக்கும் இஸ்ரேலுக்கும் பிற நாடுகளுக்கும் போனார்கள். மரத்தால் அமைந்த அழகிய செயின்ட் நிக்கலஸ் பேராலயம் 1966 இல் கலாசாரப் புரட்சியின்போது இடித்துத் தள்ளப்பட்டது.

போனவர்கள் விட்டுச்சென்றவற்றில் கட்டிடங்களைவிடச் சொற்களே உறுதியாக நின்றிருக்கின்றன. ஹார்பின் மக்கள் ரொட்டியை "லியேபா" என்கிறார்கள். அது "க்லியெப்" என்னும் ரஷ்யச் சொல். இரண்டு கிலோவுக்கும் மேல் எடையுள்ள, பலகைபோல் கெட்டியான, இலேசாகப் புளித்த அந்த ரொட்டியை ஒரு மூதாட்டி பிளாஸ்டிக் பையில் போட்டு, மறுகையில் பூண்டு மணக்கும் சிவப்புத் தொத்திறைச்சியோடு பேருந்துக்குக் காத்திருந்ததை டாவ்வாயில் பார்த்தேன். ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுக்கீசியச் சொற்கள் என்ற நினைவே இல்லாமல் நாம் அவற்றைத் திறந்து மூடுவதைப் போலத்தான் அவரும் அந்த ரொட்டியைச் சுமந்து நின்றார். தண்டவாளத்துக்கு உள்ளே சுட்ட ரொட்டி எப்படியோ வெளியேயும் வந்து சேர்ந்துவிட்டது.

டாவ்வாயின் பழைய தெருக்களையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். முன்பக்கம் பார்த்தால் தூணும் வளைவும் வைத்த ஐரோப்பிய மாளிகை போலிருக்கும். கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தால், சுண்ணச் சாந்தில் ஐரோப்பியப் பூவேலை இருக்க வேண்டிய இடத்தில் பியோனி மலரும் மாதுளையும் வௌவாலும் இருக்கும். சீனர்களுக்கு வௌவால் நற்பேற்றின் சின்னம். வாசலைத் தாண்டினால், மரப்படியும் மரத் தாழ்வாரமும் சுற்றி ஓடும் வட சீன முற்றம். பாதைக்கு உள்ளே கொத்து வேலை செய்து கற்றுக்கொண்டவர்கள், பாதைக்கு வெளியே தங்கள் மக்களுக்காகத் தங்கள் மனம் போலக் கட்டிய வீடுகள் இவை. நான் போனபோது சில வீடுகள் புதுப்பிக்கப்பட்டுக் கடைகளாகியிருந்தன. வேறு சிலவற்றின் படிகள் இற்றுப்போய், ஜன்னலில் செங்கல் அடைத்துக் கிடந்தன. ஹார்பினின் பன்முகப் பண்பாட்டை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால், செயின்ட் சோஃபியாவைவிட இந்த வௌவால்களைத்தான் காட்டுவேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், டாவ்லி, டாவ்வாய் என்னும் பெயர்களின் பொருளையும் அந்தப் பாதையைப் போட்ட சீனத் தொழிலாளர்களையும் அதில் சேர்க்க வேண்டும். மருத்துவர் வூ லியன் தே பற்றித் தங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டும். அவர் காலமான தீவில் அவரை அறியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிடக் கூடாது.

சொங்ஹுவா ஆற்றின்மேல் 1901 இல் கட்டிமுடித்த பழைய ரயில் பாலத்தில் 2014 முதல் வண்டிகள் ஓடுவதில்லை, நடப்பவர்களுக்காக விட்டிருக்கிறார்கள். நடுவில் பழைய தண்டவாளம் அப்படியே கிடக்கிறது. பக்கத்துப் புதுப் பாலத்தில் அதிவேக வண்டிகள் பறக்கின்றன. கடைசி நாள் மாலையில் அங்கே நடந்தேன். பழக்கத்தால் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் இறங்கியும் அது சூடாகவே இருந்தது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பட்டர்வொர்த்.